நின்ன வண்டி

பதினோரு மணிக்குக் காரைப் பார்க்க வருகிறார்கள். இப்போது ஒன்பதரை. ஒன்றரை மணி நேரத்தில் ஒரு தலைமுடி கிடைக்காமலா போய்விடும், ஒரே ஒரு முடி, நரைத்ததோ கறுத்ததோ. தினமும் சீப்பிலிருந்து உருவிச் சுருட்டி ஜன்னலில் செருகி வைக்கிறவள்தானே. வீட்டுக்குள் சோற்றில்கூடக் கிடந்தது. ஒரு தரம் ரசத்தில் கிடந்ததை எடுத்து அவள் முகத்துக்கு நேராக ஆட்டிக் காட்டி நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மிக்ஸி நின்றுவிட்டது. அந்த முடியில் ஒன்று இந்தக் காருக்குள் கிடக்கக்கூடாதா. போர்ட்டிகோ தரையில் முட்டி போட்டு, தலையை முன்சீட்டுக்கு அடியில் விட்டு, டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முட்டி வலி உயிர் போகிறது. அறுபத்தொரு வயசு. தஞ்சாவூர் ரோட்டில் முப்பத்திரண்டு வருஷமாகப் பழைய கார் வாங்கி விற்கிறவன், செல்லப்பா வருகிறான் என்றால் திருச்சியில் பாதிப் புரோக்கர்கள் விலையை வாய்க்குள்ளேயே போட்டுக்கொள்வார்கள், அப்பேர்ப்பட்டவன் சொந்தக் காருக்குள் திருடன் மாதிரித் தவழ்கிறேன். செங்கமலம் போய் நாற்பத்தெட்டு நாள். என் பெண்டாட்டி. அவளுக்காகத்தான் வாங்குகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லி வாங்கிய கார் இது, என் ஆயுசில் நான் வாங்கிய ஒரே புது வண்டி. ஐந்து வருஷத்தில் ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர்கூட முழுசாக ஓடவில்லை. எத்தனை வண்டி பார்த்திருப்பேன் நான், சீட்டு இடுக்கில் கையை விட்டால் ஒரு குடும்பமே வெளியே வரும். ஹேர்பின், பஸ் டிக்கெட், முறுக்குத் துண்டு, பாப்பா கொலுசின் ஒற்றை மணி, விபூதிப் பொட்டலம், சருகாய்ப் போன மல்லிகை, ஒரு வண்டியில் பால்பல்கூட, பேப்பரில் சுற்றி எவளோ பத்திரப்படுத்திய பால்பல். எல்லாவற்றையும் எடுத்து பானட்டின் மேல் வரிசையாக அடுக்குவேன். விற்க வந்தவன் முகம் சுருங்கும். "என்ன சார், இது காரா வீடா? உள்ளேயே குடித்தனம் பண்ணிருக்கீங்க போலருக்கே" என்பேன். அந்த இடத்திலேயே விலை ஒரு படி இறங்கிவிடும். சாம்பார்க் கறைக்கு ஒரு விலை, பிள்ளை கிறுக்கிய பேனாக் கோட்டுக்கு ஒரு விலை. அந்தப் பல்லை என்ன செய்தேன்? திருப்பிக் கொடுத்தேனா? கொடுத்திருப்பேன். கொடுத்திருக்க மாட்டேன். பானட்டிலிருந்து ஒரே தட்டாகத் தட்டி விட்டிருப்பேன், அதுதான் நான்.

இங்கே ஒன்றும் இல்லை. மிதியடியைத் தூக்கினேன், இல்லை. பின்சீட்டு மிதியடிக்குக் கீழே ஷோரூம்காரன் போட்ட காகிதம் அப்படியே இருக்கிறது, அவன் கால் வைக்க அச்சடித்த இரண்டு பாதம்கூட அழியாமல். முன்சீட்டு பிளாஸ்டிக் கவர். ஐந்து வருஷமாகக் கழற்றாத கவர். அதை இன்றைக்குத்தான் பிய்த்தேன், நகத்தால் பிய்யவில்லை, பல்லால் கடித்து இழுத்தேன், சர்ரென்று கிழிந்தது. கீழே இருந்த துணி இப்போதுதான் நெய்து வந்த மாதிரி. முகத்தை வைத்து மோந்து பார்த்தேன். நல்லெண்ணெய் வாசம் வரும், பவுடர் வரும், சமையல் கட்டுப் புகை வரும் என்று மூச்சை இழுத்தால் கடை வாசனை அடிக்கிறது. ஐந்து வருஷம் கழித்தும் கடை வாசனை. இதே வாசனை போகக்கூடாது என்றுதானே ஜன்னலை இறக்கவே விட மாட்டேன், "கண்ணாடிய எறக்காத, தூசி வரும்" என்பேன், அவள் பிளாஸ்டிக்கில் புடவை ஒட்ட வேர்த்து வழிந்து உட்கார்ந்திருப்பாள், வீட்டில் வந்து இறங்கும்போது புடவை பிளாஸ்டிக்கை விட்டுப் பிரிகிற சத்தம் கேட்கும். இது சீட்டு. இதில் என் பெண்டாட்டி உட்கார்ந்தாள். கோர்ட்டில் கூண்டேற்றிச் சாட்சி கேட்டால் இந்தச் சீட்டு இல்லை என்றுதான் சொல்லும்.

வீட்டுக்குள் தேட வேண்டியதுதானே என்று கேட்கலாம். கேளுங்கள். என் மகள் வளர்மதி, ஓசூரில் கட்டிக் கொடுத்தது, பதினாறாம் நாள் முடிந்ததும் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு வீட்டைக் காலி பண்ணிவிட்டாள். "அப்பா, இந்தப் பாயப் பாருங்க, நார் நாரா இருக்கு, தூக்கிப் போடறேன். இந்தத் தட்டு நெளிஞ்சு போச்சு. இந்த டம்ளர்ல ஓட்டை விழப் போவுது. ஏம்ப்பா, அம்மா இதையா வச்சிருந்தாங்க?" என்று கேட்டுக் கேட்டுப் போட்டாள். நானும் தலையை ஆட்டினேன். கிழிந்த நைட்டி, பல் போன சீப்பு, பஞ்சு தெரிகிற தலையணை, எல்லாம் முனிசிபல் வண்டியில் போனது. போன பிறகுதான் உறைத்தது. அவள் கை பட்டது அத்தனையும் பழசு, பழசு அத்தனையும் போய்விட்டது. புதுசாக இருக்கிறது அத்தனையும் நான் தொடாதே என்று சொன்னது. ஷோகேசுக்குள் பீங்கான் செட்டு இருக்கிறது, வளர்மதி கல்யாணத்துக்கு வந்தது, மருமகன் வந்தால் எடுக்கலாம் என்றேன், மருமகன் வந்தபோது உடைத்துவிடுவார் என்றேன். சோபாவுக்குத் துணி உறை, அதன் மேல் பிளாஸ்டிக், விருந்தாளி வந்தால்தான் பிளாஸ்டிக்கை எடுக்க வேண்டும், செங்கமலம் கீழே பாயில் உட்கார்ந்துதான் டி.வி. பார்த்தாள். ரிமோட்டுக்குக்கூட உறை. பிரிட்ஜ் கைப்பிடிக்கு ஒரு துண்டு. சில்க் புடவை பதினொன்று, மடிப்புக் கலையாமல். அதை வளர்மதி எடுத்துப் போய்விட்டாள், அதில் அம்மா வாசம் இருந்ததா என்று போனில் கேட்டேன். "பாச்சா உருண்டை வாசந்தாம்ப்பா" என்றாள். பிறகு அவளே, "அந்தக் காரயும் நெதம் தொடச்சிட்டு உக்காந்திருக்காதீங்க, வித்துத் தொலைங்க" என்று சொல்லி, வந்திருந்தபோது எடுத்த போட்டோவை ஆன்லைனில் போட்டாள். நானும் சரி என்றேன். உறை போர்த்தி நிற்கிற காரைத் தினமும் காலையில் கதவைத் திறந்ததும் பார்க்க வேண்டியிருக்கிறது. யாரையோ போர்த்திக் கிடத்தின மாதிரி. அதுதான் காரணம். விற்றுவிடலாம் என்று சொல்லிவிட்டு, நேற்று சாயங்காலம் அதைப் பார்த்து ஒரு பையன் போன் பண்ணி நாளைக்கு வருகிறோம் என்றதும், அப்போதுதான், ஐயோ, உள்ளே அவளுடையது ஏதாவது இருக்குமே, பார்க்காமல் கொடுத்துவிடப் போகிறோமே என்று பதறினேன். பதறினதற்கு ஒன்றும் குறைச்சலில்லை. நாலு தடவை அவள் ஏறின வண்டியில் என்ன இருக்கும்.

நாலு தடவை. சமயபுரம் ஒன்று, பூஜை போட. வயலூர் ஒன்று. வளர்மதியை ஜங்ஷனில் இறக்கிவிட ஒன்று. புதுக்கோட்டைக் கல்யாணம் ஒன்று. முக்கொம்புக்குப் போகலாம், தண்ணி திறந்துவிட்டிருக்கிறார்களாம் என்று அவள் கேட்டது கணக்கில் வராது, மண் ரோடு, சேறு அடிக்கும் என்றேன். ஏறும்போது செருப்பைக் கழற்றி ஒரு கவரில் போட்டு மடியில் வைத்துக்கொள்வாள். நான் சொல்லவில்லை. முதல் நாள் சொன்னேன், அதற்குப் பிறகு சொல்லவில்லை, ஒரு தடவை சொன்னால் என் வீட்டில் போதும். தலை பின்னால் படக்கூடாதே, எண்ணெய் ஆகிவிடுமே என்று நுனியில் உட்கார்ந்து வருவாள், முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, டிக்கெட் இல்லாமல் ஏறின மாதிரி. வாய் மட்டும் சும்மா இருக்காது. "இது காரு இல்லீங்க, வீட்டுக்கு வந்த மூத்த சம்பந்தி. கோவிச்சுக்காம பாத்துக்கணும்" என்பாள். "பொண்ணு பாக்க வந்தப்ப என் தோள ஏன் அப்பிடிப் பாத்தீங்கன்னு இப்பத்தான் தெரியுது, எங்கயாச்சும் நசுங்குன எடத்துல பட்டி வச்சிப் பெயிண்ட் அடிச்சிருக்கான்னு தேடியிருக்கீங்க" என்பாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. வியாபாரத்தில் சிரித்தால் விலை போய்விடும் என்று பழகின முகம், வீட்டில் மட்டும் எப்படி இளகும். புதுக்கோட்டைக் கல்யாணம் முடிந்து திரும்பும்போது ஒரு பிளாஸ்கில் காபி வாங்கி வந்திருந்தாள், நான் தலைவலிக்கிறது என்றேன், அதற்காக. கீரனூர் தாண்டி ஒரு ஆடு குறுக்கே வர நான் பிரேக்கை மிதித்தேன், மூடியில் ஊற்றிக்கொண்டிருந்தாள், அப்படியே கொட்டியது. பிளாஸ்டிக்கின் மேல் ஓடி, தையல் வழியாக இறங்கி, கார்பெட்டில் போய் உட்கார்ந்தது. நான் வண்டியை ஓரம் கட்டி இறக்கினேன். அவளை இறக்கினேன். பஸ் ஸ்டாப்பில் எட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நான் என்னென்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை, அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன், எல்லாம் நினைவிருக்கிறது. "சோத்துக்கு இல்லாம வளந்த கழுதைக்குக் காரு எதுக்கு" என்றேன். சோற்றுக்கு இல்லாமல் வளர்ந்தது நான். லாரி கேபினுக்கு அடியில் படுத்து, முதலாளியின் புது சீட்டில் கிரீஸ் லுங்கியோடு உட்கார்ந்ததற்குக் காது அடைக்க அறை வாங்கினவன் நான். அவள் வீட்டில் இரண்டு பசு நின்றது. அவள் குனிந்து முந்தானையால் கார்பெட்டை ஒற்றி ஒற்றி எடுத்தாள். பட்டுப் புடவை. பதினொன்றில் ஒன்று. கையில் சூடு பட்டிருந்தது, விரல் முட்டியெல்லாம் சிவந்து, அதை நான் வீட்டுக்கு வந்து அவள் தயிரில் கையை வைத்துக்கொண்டு நின்றபோதுதான் பார்த்தேன். பார்த்துவிட்டு நேராக வாட்டர் சர்வீசுக்குப் போனேன். அவன், "அண்ணே, பொட்டுக் கறைண்ணே, மிதியடி போட்டா யாருக்கும் தெரியாது" என்றான். "தெரியாம இருக்கக் கூடாது, இல்லாம இருக்கணும்" என்றேன். ஷாம்பூ போட்டான், வாக்யூம் போட்டான், ஒரு தடவைக்கு மூன்று தடவை. நான் நின்று வேலை வாங்கினேன். இப்போது அந்த இடத்தில்தான் டார்ச் அடிக்கிறேன். கன்னத்தை வைத்துப் பார்க்கிறேன். நல்ல வேலைக்காரன். நான் வேலை வாங்கினால் அப்படித்தான் இருக்கும். சுத்தம்.

மணி பத்தே கால். கேஸ் வண்டிக்காரன் சிலிண்டரை உருட்டுகிற சத்தம் தெருவில். டேஷ்போர்டு அறையைத் திறந்தேன், இன்சூரன்ஸ் காகிதம், கையேடு, உறை பிரிக்காத ஒரு துணி. அவள் பக்கத்துக் கதவில் கைவிட்டுப் பார்த்தேன், கண்ணாடியை வெளிச்சத்துக்குச் சாய்த்து விரல் தடம் தேடினேன், என் தடம்தான் இருந்தது, இப்போது தேடினது. இத்தனை தேடுகிறேனே, ஒன்றை மட்டும் சுற்றிச் சுற்றி வருகிறேன், அதன் கிட்டே போகிறேன், திரும்பிவிடுகிறேன். அன்றைக்குக் காலை ஏழு மணி இருக்கும். செவ்வாய்க்கிழமை. சட்னிக்குத் தாளித்துக்கொண்டிருந்தவள் கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "நெஞ்சப் பிசையுதுங்க" என்றாள். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. நான் சாவியை எடுத்தேன். காலண்டருக்குப் பக்கத்து ஆணியிலிருந்து கார் சாவியை நான் எடுத்தேன், அது சத்தியம், யார் கேட்டாலும் சொல்லுவேன். அவள்தான் கையைத் தூக்கினாள். "காரு வேண்டாங்க. வாந்தி வர்ற மாதிரி இருக்கு. ஆட்டோவக் கூப்புடுங்க." நான் சாவியைத் திரும்ப மாட்டினேன். எவ்வளவு நேரம் யோசித்தேன் என்று எத்தனையோ தடவை எனக்குள் கேட்டுப் பார்த்துவிட்டேன். யோசிக்கவே இல்லை. சரி என்று ஆணியில் மாட்டினேன். அவ்வளவு சுலபமாக. நியாயமான பேச்சைக் கேட்ட மாதிரி. ஆட்டோ வரப் பன்னிரண்டு நிமிஷம். பால்பண்ணைப் பாலத்தில் ஏறும்போது அவள் தலை என் தோளில் சாய்ந்தது, இத்தனை வருஷத்தில் வெளியே வாசலில் ஒரு நாளும் சாயாதவள். அவள் வாந்தியே எடுக்கவில்லை. கடைசி வரைக்கும் எடுக்கவில்லை. ஆட்டோவில் அந்தக் கிழிந்த ரெக்சின் சீட்டில் எத்தனை பேர் வாந்தியோ, அதில் கெட்டியாகப் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள். டாக்டர் சொன்னார், "கால் மணி நேரம் முன்னாடி வந்திருந்தாலும் கஷ்டந்தாங்க" என்று. எனக்கு அந்தக் குரல் தெரியும். 'இந்த வண்டி ஒரு இடத்துலயும் இடிபடல சார்' என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், அதே குரல். எதிராளி கண்ணைப் பார்க்காமல் சட்டைப் பித்தானைப் பார்த்துச் சொல்கிற குரல். சரி, அவர் சொன்னது நிஜமாகவே இருக்கட்டும். பன்னிரண்டு நிமிஷம் ஒன்றையும் மாற்றியிருக்காது. ஆனால் சாகப் போகிறவள் வாய் காரு வேண்டாம் என்று சொன்னதே, அந்த வாய்க்கு அதைப் பழக்கினது யார். அந்த வலியிலும் முதலில் அவளுக்கு ஞாபகம் வந்தது சீட்டு.

கேட் தட்டுகிற சத்தம். பத்து ஐம்பதுக்கே வந்துவிட்டார்கள். கார்க் கதவைப் பிடித்து எழுந்தேன். பையன் பெயர் ஜெரோம், முப்பது இருக்கும், கையில் ஒரு சின்ன காந்தம் வைத்திருக்கிறான், பட்டி வைத்த இடத்தில் ஒட்டாது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவன் மனைவி பெனிட்டா, லால்குடியில் ஒரு ஸ்கூலில் டீச்சர், வெயிலில் முகம் கன்றிப்போய்க் கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றாள், நல்ல உயரம். ஜெரோம் காந்தத்தைக் கதவு கதவாக ஒட்டி எடுத்தான். பெடல் ரப்பரை அமுக்கினான். மீட்டரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. அஞ்சு வருசத்துல ஆயிரத்து எண்ணூறுன்னா... மீட்டரக் கீட்டரக் கொறச்சதா?" எனக்குச் சுர்ரென்று ஏறியது. "யோவ், யாரப் பாத்து என்ன கேக்குற? நான் மீட்டரக் கொறைக்கிறவனா?" என்று கத்தினேன். கத்தும்போதே, குறைத்திருக்கிறேனே, பத்து வண்டிக்காவது குறைத்திருக்கிறேனே என்று உள்ளே ஒருத்தன் சொன்னான். பையன் பின்வாங்கவில்லை. கெட்டிக்காரன். "சரி சார், ஓடலன்னே வச்சுக்குவோம். ஆனா இது நின்ன வண்டி சார். ஓடுன வண்டியே தேவலாம். டயர் ஒரே பக்கமா அமுங்கியிருக்கும், ரப்பர் எல்லாம் காஞ்சு வெடிச்சிருக்கும். பத்திரமா வச்சுட்டோம்னு நெனச்சிட்டு இருப்பீங்க, உள்ளுக்குள்ளயே கெட்டுப் போயிருக்கும்." இது என் வசனம். வார்த்தைக்கு வார்த்தை என்னுடையது. முப்பத்திரண்டு வருஷம் நான் இதைச் சொல்லித்தான் கெட்டி ஆட்களைக் கரைத்திருக்கிறேன், ரிடையர்டு தாசில்தார், கல்லூரி வாத்தியார், காரைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்த மனுஷர்கள், அவர்கள் முகம் இந்த இடத்தில் தொங்கிப்போகும், நான் கவனித்துக்கொண்டே இருப்பேன், தொங்கினதும் விலையைச் சொல்வேன். இப்போது என் முகம் எப்படி இருக்கிறது? இவன் கவனிக்கிறானா? எதிர்ப்பேச்சு ஆயிரம் இருக்கிறது, மாசம் இரண்டு தடவை ஸ்டார்ட் பண்ணி வைத்தேன், காற்று பார்த்தேன், பேட்டரி மாற்றினேன் என்று. பேசினால், ஆமாம் தம்பி, உள்ளுக்குள்ளேயே கெட்டுத்தான் போச்சு என்று வந்துவிடும் போலிருந்தது.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் முன்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். கேட்கவில்லை. செருப்போடு. நெம்புகோலை இழுத்துச் சீட்டைப் பின்னால் சாய்த்து, "அப்பாடா" என்று தலையை வைத்துக்கொண்டாள். எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது, ஏய் என்று, அந்த 'ஏ' வந்துவிட்டது, 'ய்' வரவில்லை. அவள் திரும்பிப் பார்த்து, "சூப்பரா இருக்கு சார், யாருமே உக்காராத மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். என் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. அவள் என்னமோ கேட்கிறாள், உதடு அசைகிறது, நான் தலையை ஆட்டுகிறேன். அப்போது ஜெரோம் அவள் பக்கமாகக் குனிந்து, "இரு, இத மறந்துட்டேன்" என்று சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தான். முழுசாக, கதவோரத் தூணுக்குள் சுருண்டு கிடக்கிறது மொத்தமும் வெளியே வரும் வரைக்கும் இழுத்தான். வெள்ளத்தில் மூழ்கின வண்டியா என்று பார்க்கிற வித்தை அது. என்னதான் கழுவி பாலீஷ் போட்டாலும் பெல்ட்டை எவனும் கழுவ மாட்டான், உள்ளே சுருண்ட பாதியில் சேற்றுக் கோடு இருக்கும். அந்நிய வண்டியில் நான் முதலில் கை வைக்கிற இடம் அது. என் வண்டி எந்த வெள்ளத்தில் போனது, நான் ஏன் இழுத்துப் பார்க்கப் போகிறேன். "சார்" என்றான் ஜெரோம். "இங்க வாங்க. இது என்ன?" நான் சுற்றிக்கொண்டு போனேன். கறுப்புப் பட்டையில், இரண்டு விரல் அகலத்துக்கு, சாய்வாக, ஒரு மஞ்சள்.

மஞ்சள் சிந்தின கறை இல்லை. தேய்ந்து தேய்ந்து ஏறின கறை. கழுத்தில் ஈரக் கயிறு உரசின இடம். குளித்துவிட்டு வெள்ளிக்கிழமை தவறாமல் தாலிக் கயிற்றுக்கு மஞ்சள் பூசுவாள், நாங்கள் கோயிலுக்குப் போன இரண்டு தடவையும் வெள்ளிக்கிழமைதான், போலீஸ் பைன் போடுவான் என்று நான் பெல்ட்டை மாட்டச் சொல்லிக் கத்துவேன், அவள் வேர்வையோடு அது அங்கே உரசி உரசி. அவளுக்குத் தங்கக் கொடி இருந்தது, எட்டுப் பவுன். திருடன் பயம், தேய்மானம் என்று அதை பேங்க் லாக்கரில் கொண்டுபோய்ப் பூட்டினவன் நான். அது கழுத்தில் கிடந்திருந்தால் இந்தக் கறை இல்லை. தங்கம் எதன் மேலும் ஒட்டாது. "லேசான கறைதான் சார், ஆனா கறைதான். ரெண்டாயிரம் கொறச்சிக்குவோமா?" என்று ஜெரோம் விரலால் அதைச் சுரண்டிப் பார்த்தான். "கைய எடுறா!" நான் போட்ட சத்தத்தில் அவன் பயந்து விட்டுவிட்டான். பெல்ட் விர்ரென்று பாய்ந்து தூணுக்குள் போய்விட்டது. மஞ்சளும் போய்விட்டது. "இழு. இழும்மா. மறுபடி இழு" என்றேன், யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை நான், என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. பெனிட்டா என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாக, பொம்மைக்குள்ளிருந்து நூல் எடுக்கிற மாதிரி இழுத்தாள். மஞ்சள் வந்ததும் நிறுத்தினாள். அதைப் பார்த்தாள், கோலம் இல்லாத என் வீட்டு வாசலைப் பார்த்தாள், என் சவரம் பண்ணாத முகத்தைப் பார்த்தாள். "அம்மாவோடதா சார்?" என்றாள். நான் ஆமாம் என்றேனா, தெரியாது. "எப்ப சார்?" "நாப்பத்தெட்டு நாளாச்சு." ஜெரோம் காந்தத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"வெலை நீ சொல்றதுதான் தம்பி" என்றேன். "ரெண்டாயிரம் இல்ல, என்ன வேணா கொறச்சுக்க. அத மட்டும் கழுவிராதீங்க. ஷாம்பூ கீம்பூ போட்டுறாதீங்கம்மா." சொல்லிவிட்டு எனக்கே அவமானமாக இருந்தது, பேரத்தில் கையைக் காட்டிவிட்ட வெட்கம். அந்தப் பெண், சரி சார், கழுவல சார் என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போயிருப்பேன், முதல் தெருமுனையிலேயே துடைத்திருப்பேன். அவள் பெல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "கழுவ மாட்டேன் சார்" என்றாள். "ஆனா நான் தெனமும் லால்குடிக்கு இதுலதான் போவேன். தெனமும் போட்டா அது தானா அழிஞ்சு போயிரும் சார். அதுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது." முப்பத்திரண்டு வருஷத்தில் வியாபாரம் பேசும்போது என்னிடம் உண்மை சொன்ன ஆள் இவள்தான். வண்டி விற்கலை, போயிட்டு வாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உறையைப் போர்த்தலாம். ஆறு முடிச்சையும் இறுக்கலாம். மாசம் ஒரு தடவை பெல்ட்டை இழுத்துப் பார்க்கலாம், வெளிச்சம் பட்டால் வெளுக்கும் என்று அதையும் குறைத்து வருஷம் ஒரு தடவை பார்க்கலாம். நான் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியாதா, அதற்கும் ஒரு பிளாஸ்டிக் போடுவேன். "போடும்மா" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. "என்ன சார்?" "போட்டுக்க. நல்லா சாஞ்சு உக்காந்து போட்டுக்க." அவள் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். கிளிக் என்றது. மஞ்சள் அவள் கழுத்துக்கு நேராக வரவில்லை, நாலு விரல் கீழே இறங்கி நெஞ்செலும்பின் மேல் நின்றது. செங்கமலம் இத்தனை குட்டையா. முப்பத்தேழு வருஷம் கூட இருந்திருக்கிறேன், ஒரு நாளும் தோணவில்லை.

"ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வந்துறோம் சார், நீங்களும் ஏறுங்க" என்றான் ஜெரோம். நான் கூட ஏறாமல் எந்த வண்டியையும் டிரயலுக்கு விட்டதில்லை. போயிட்டு வாங்க என்று கையைக் காட்டினேன். கேட்டைத் தாண்டி, கேஸ் வண்டிக்கு ஒதுங்கி, தெருமுனைக்குப் போகும்போது அவள் பக்கத்துக் கண்ணாடி இறங்கியது. முழங்கையை எடுத்து ஜன்னலில் வைத்துக்கொண்டாள். வண்டி முனை திரும்பி மறைந்து வெகுநேரம் ஆனபிறகும் நான் போர்ட்டிகோவில் நின்றேன், வலது கையைத் தட்டையாகப் பிடித்து, செங்கமலத்தின் உச்சந்தலை என்னிடம் எதுவரைக்கும் வரும் என்று அளந்துகொண்டு. தோள் என்று வைத்தேன், இல்லை, இன்னும் கீழே. சட்டையின் இரண்டாவது பித்தான். அங்கேயே கையை வைத்துக்கொண்டு நின்றேன்.